எண்ணப்படுவது குற்றமா, காவல் நிலையப் பதிவேடா?

பெங்களூரு: நாடாளுமன்றத்தின் கூட்டத்தொடர் எதுவானாலும், உள்துறை அமைச்சகத்துக்கு வரும் வினாக்களுள் ஒன்று மாறுவதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான குற்றங்கள் எத்தனை, மாநில வாரியாக விவரம் என்ன என்பதே அது. அமைச்சரின் எழுத்துபூர்வமான பதிலும் ஏறத்தாழ அச்சுவார்ப்புதான். காவல்துறையும் பொது ஒழுங்கும் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலங்களின் பொறுப்பு; தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தொகுத்த விவரம் இணைப்பில் உள்ளது. அந்த இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆளும் தரப்பு எதிர்க்கட்சி ஆளும் மாநிலத்தைச் சாடும். எதிர்க்கட்சி மத்திய அரசைச் சாடும். செய்தியாளர் மாடத்தில் அமர்ந்திருக்கும் நாங்களும், எந்த மாநிலம் முதலிடம் என்று பார்த்துத் தலைப்பைத் தயாரித்துவிடுவோம்.

அப்படி ஒரு முதலிடம் 2020-ல் தமிழகத்துக்குக் கிடைத்தது. 2019-ல் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் தமிழகத்தில் பதிவான வழக்குகள் சுமார் 1.68 லட்சம். அடுத்த ஆண்டே அது 8.9 லட்சத்தைத் தாண்டியது. ஓராண்டில் ஐந்து மடங்குக்கு மேல். தமிழர்கள் திடீரென்று இந்தியாவிலேயே மிகப் பெரிய குற்றவாளிகளாகிவிட்டார்களா? இல்லை. கரோனா பொது முடக்கத்தின்போது வீதிக்கு வந்தவர்கள் மீது, அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியதாக 188-வது பிரிவின் கீழும் அதையொட்டிய பிரிவுகளின் கீழும் காவல்துறை வழக்குகளைக் குவித்தது. நாடு முழுவதும் 188-வது பிரிவு வழக்குகள் 2019-ல் 29,469, 2020-ல் 6,12,179. காய்கறி வாங்கப் போனவரும் இரு சக்கர வாகனத்தில் சென்றவரும் குற்றப் பட்டியலில் சேர்ந்தார்கள். மற்றபடி திருட்டு போன்ற வழக்கமான குற்றங்கள் அந்த ஆண்டில் குறைந்தே இருந்தன.

இந்த ஒரு எடுத்துக்காட்டைப் புரிந்துகொள்ளச் சட்டப் பட்டமோ புள்ளியியல் பட்டமோ தேவையில்லை. எண்ணைக் கண்டதும் அதை யார் எண்ணினார், எதை எண்ணினார், எதை விட்டார் என்று கேட்கும் பழக்கம் இருந்தால் போதும். அந்தப் பழக்கத்தை ஒரு முறையான கல்வியாகவும் களப்பணியாகவும் செய்துவரும் சில இடங்கள் பெங்களூரில் இருக்கின்றன. அவர்களின் வேலை தில்லியில் சட்டம் இயற்றுவோரின் மேஜை வரை வந்து சேர்ந்திருக்கிறது. அது அங்கு என்ன ஆனது என்பதற்குப் போகுமுன், இணைப்பில் வரும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

எண் பிறக்கும் இடம்: தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 1986-ல் அமைக்கப்பட்டது. 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கை அதற்கும் மூத்தது. 1953-ம் ஆண்டு முதல் வருகிறது. அறிக்கை தில்லியில் வெளியானாலும் அதிலுள்ள எண் பிறக்குமிடம் காவல் நிலையம். முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டால்தான் அது எண். புகார் கொடுக்க வந்தவரை எழுத்தர் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால், அந்தக் குற்றம் நடக்கவில்லை என்றே நாடாளுமன்றத்துக்குப் பொருள்.

பதிவான வழக்கிலும் ஒரு கழித்தல் உண்டு. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான தண்டனைக்குரிய ஒன்றை மட்டுமே கணக்கில் கொள்வது ஆவணக் காப்பகத்தின் விதி. பாலியல் வன்கொடுமையுடன் நிகழ்ந்த கொலை, நெடுங்காலம் கொலைப் பட்டியலில் மட்டுமே இடம்பெற்றது இதனால்தான். பின்னர் அதற்கெனத் தனித் தலைப்பு உருவாக்கப்பட்டது.

2012-ல் நாட்டில் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 24,923. 2013-ல் 33,707. தில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு சட்டத்தின் வரையறை விரிவாக்கப்பட்டது. புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்குச் சிறைத் தண்டனை வந்தது. பெண்கள் துணிந்து படியேறினார்கள். எண் உயர்ந்தது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம் என்று அன்று அவையில் சொல்லியிருந்தால் கூச்சல்தான் மிஞ்சியிருக்கும். 2020-ல் இதற்கு நேர்மாறு. பெண்களுக்கு எதிரான குற்றங்கள் 4,05,326-லிருந்து 3,71,503 ஆகக் குறைந்ததாக அறிக்கை கூறியது. அதே ஆண்டில் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்களோ ஆறு ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு உயர்ந்தன. கதவடைத்த வீட்டிலிருந்து காவல் நிலையத்துக்குப் போக முடியவில்லை. தொலைபேசியை மட்டும் எடுக்க முடிந்தது.

குற்றம் கூடுவது வேறு, குற்றப் பதிவு கூடுவது வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையின் முன்பகுதியில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை அவையில் யாரும் படித்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பெங்களூரையே எடுத்துக்கொள்ளலாம். பெருநகரங்களில் இணையவழிக் குற்றங்கள் அதிகம் பதிவாகும் ஊர் என்று ஆண்டுதோறும் இதற்குப் பெயர். 2022-ல் 9,940 வழக்குகள். சென்னையில் பதிவானவை அதில் மிகச் சிறு பங்கே. தகவல் தொழில்நுட்ப நகரம் என்பது ஒரு காரணம். ஆனால் இணையக் குற்றம், பொருளாதாரக் குற்றம், போதைப்பொருள் ஆகிய மூன்றுக்குமாக நகரின் ஒவ்வொரு காவல் கோட்டத்திலும் தனிக் காவல் நிலையங்களைக் கர்நாடகம் அமைத்ததும் ஒரு காரணம். ஏமாந்தவன் போவதற்கு ஓர் இடம் இருந்தால் எண் ஏறும். இதை வைத்துச் சென்னை பாதுகாப்பானது என்று சொல்ல முடியுமா?

முடியாது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு தில்லி, மும்பை, சென்னை, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் யாருக்கேனும் குற்றம் இழைக்கப்பட்டதா, காவல்துறையிடம் போனீர்களா என்று கேட்டு 2017-ல் முடிவுகளை வெளியிட்டது. திருட்டுக்கு ஆளானவர்களில் முதல் தகவல் அறிக்கை வரை போனவர்கள் நூற்றுக்கு 6 முதல் 8 பேர்தான். காவல் நிலையத்துக்குப் போகாமல் நேரே பாதிக்கப்பட்டவரிடம் போகும் இம்முறை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பத்தாண்டுகளாக அரசின் வழக்கமான பணி. இந்தியாவில் ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் நான்கு நகரங்களில் செய்து பார்த்ததே பெரிய செய்தியாயிற்று.

வீட்டுக்குள் நடப்பதை அறிய, தேசிய குடும்ப நல ஆய்வு ஒன்றே கைகொடுக்கிறது. 2019-21 ஆய்வின்படி, கணவரின் வன்முறைக்கு ஆளான திருமணமான பெண்களின் விகிதம் கர்நாடகத்தில் 44.4 சதவீதம், நாட்டிலேயே அதிகம். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் அது 20.6 சதவீதம். இடையில் கர்நாடக ஆண்கள் இரு மடங்கு கொடியவர்களாகிவிட்டார்களா, அல்லது கேட்ட விதமும் கேட்டவரும் மாறியதால் பெண்கள் கூடுதலாக வாய் திறந்தார்களா? ஆராய்ச்சி முறையைப் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வன்முறைக்கு ஆளானோரில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதமே என்பதும் அதே ஆய்வில் உள்ள எண்தான். அதிலும் பெரும்பாலோர் போனது தாய் வீட்டுக்கு. காவல் நிலையத்துக்கு அல்ல.

நீதிமன்றத்தில் அமர்ந்து: குற்றவியலைத் தனித்துறையாகக் கற்பிப்பதில் தமிழகத்துக்கு நல்ல பெயர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறைகள் இருக்கின்றன. இந்தியக் குற்றவியல் சங்கமே 1970-ல் சென்னையில் தோன்றியதுதான். பெங்களூரின் தனித்தன்மை வேறு. இங்கே இந்த ஆராய்ச்சி சட்டப் படிப்புக்குள்ளிருந்தும் தன்னார்வ அமைப்புகளிலிருந்தும் வளர்ந்தது. ஆகவே அது காவல் நிலையத்தைவிட நீதிமன்றத்தை அதிகம் உற்றுப் பார்க்கிறது.

நாகரபாவியில் உள்ள இந்திய தேசிய சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகத்தின் குழந்தைகளுக்கும் சட்டத்துக்குமான மையம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் அமைந்த சிறப்பு நீதிமன்றங்கள் எப்படி நடக்கின்றன என்பதை ஆராயப் புறப்பட்டது. தில்லி, அசாம், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய ஐந்து மாநிலங்களைப் பற்றிய அறிக்கைகள் 2016 முதல் 2018 வரை வந்தன. ஆயிரக்கணக்கான பக்கங்கள் படித்தார்கள் என்பதல்ல, எப்படிப் படித்தார்கள் என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

தீர்ப்பு என்பது கதை. அதை எண்ணாக மாற்றுவதற்கு ஒரு படிவம் வேண்டும். குழந்தையின் வயது என்ன, வயதை நிரூபித்த ஆவணம் எது, குற்றம் சாட்டப்பட்டவர் யார், உறவினரா, அண்டை வீட்டாரா, முன்பின் அறியாதவரா, புகார் கொடுத்தது குழந்தையா, பெற்றோரா, புகாருக்கும் சாட்சியத்துக்கும் இடையே எத்தனை மாதம், குழந்தை தன் வாக்குமூலத்தில் நின்றதா, மாறியதா, இழப்பீடு உத்தரவிடப்பட்டதா என்று வரிசையாகக் கட்டங்கள். இருவர் ஒரே தீர்ப்பைத் தனித்தனியே படித்து நிரப்பினால் ஒரே விடை வர வேண்டும். வராவிட்டால் கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள். கேள்வியைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். சலிப்பூட்டும் வேலை. ஆனால் இதைச் செய்யாமல் எழுதப்படும் எந்தச் சதவீதமும் ஊகம்தான்.

தீர்ப்பில் எழுதப்படாதவை உண்டு. குழந்தையின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவர் படக் கூடாது என்கிறது சட்டத்தின் 36-வது பிரிவு. குறுக்கு விசாரணைக் கேள்விகளை வழக்கறிஞர் நேரே குழந்தையிடம் கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும் என்கிறது 33-வது பிரிவு. சாட்சியம் ஒரு மாதத்துக்குள், விசாரணை இயன்றவரை ஓராண்டுக்குள் என்கிறது 35-வது பிரிவு. நீதிமன்ற அறையில் திரை போட்டிருக்கலாம். ஆனால் குழந்தையும் எதிரியும் ஒரே வராந்தாவில், ஒரே பெஞ்சின் இரு முனைகளில் காத்திருந்தார்களா என்பது எந்தத் தீர்ப்பிலும் வராது. அதை அறிய நேரில் போய் நின்று பார்க்க வேண்டும். நீதிபதிகளிடமும் அரசு வழக்கறிஞர்களிடமும் பேச வேண்டும். இந்த மூன்று வழிகளையும் சேர்த்துத்தான் அந்த ஆய்வுகள் செய்யப்பட்டன.

தில்லியில் ஆராயப்பட்ட 667 தீர்ப்புகளில் தண்டனையில் முடிந்தவை நூற்றுக்குப் பதினேழு அளவில். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமான வழக்குகளில் குழந்தையே பிறழ்சாட்சியானது. இது 2016-ல் வெளிவந்தது. குழந்தை ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு விடை வீட்டில் இருக்கிறது. எதிரி பெரும்பாலும் தெரிந்தவர், பல வழக்குகளில் வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுபவரே அவர்தான். ஆனால் 2019-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றம் கையில் எடுத்தது வேறொன்றை. கடுமையான வகைப் பாலியல் தாக்குதலுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகளிலிருந்து 20 ஆண்டுகளாக உயர்ந்தது. மரண தண்டனையும் சேர்ந்தது. தன் மாமா தூக்கில் தொங்குவார் என்று தெரிந்த குழந்தை கூண்டில் ஏறி உறுதியாக நிற்குமா என்ற கேள்வியை எழுப்பிய உறுப்பினர்களும் இருந்தார்கள். மசோதா நிறைவேறியது.

நான்கில் ஒன்று: தீர்ப்புகளைப் படித்துக்கொண்டே போனவர்களுக்கு எதிர்பாராத ஒரு வகை வழக்கு கண்ணில் பட்டது. பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தியும் பத்தொன்பது இருபது வயது இளைஞன் ஒருவனும் ஊரை விட்டுப் போகிறார்கள். பெண்ணின் தந்தை காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். இருவரும் பிடிபடுகிறார்கள். அவன் சிறைக்கு, அவள் காப்பகத்துக்கு. ஓரிரு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் அவள், நானே விரும்பித்தான் போனேன் என்கிறாள்.

பெங்களூரில் இயங்கும் என்ஃபோல்ட் என்ற தொண்டு நிறுவனம் இதை மட்டும் தனியே எண்ணிப் பார்த்தது. அசாம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களில் 2016 முதல் 2020 வரை வந்த 7,064 போக்சோ தீர்ப்புகள். அவற்றில் காதல் உறவு என்று தீர்ப்பிலிருந்தே தெரிந்தவை 1,715, அதாவது 24.3 சதவீதம். நான்கில் ஒன்று. இவற்றில் ஐந்தில் நான்கு வழக்குகளில் புகார் கொடுத்தவர்கள் பெண்ணின் பெற்றோரோ உறவினரோ. நூற்றுக்கு 93-க்கும் மேல் விடுதலையில் முடிந்தன. 2022-ல் இந்த ஆய்வு வெளியானது.

விடுதலைதானே, பிறகென்ன என்று கேட்கலாம். விடுதலை வரும்வரை அவன் இருந்த இடம் சிறை. வழக்கு நடந்த ஒவ்வொரு நாளும் ஒரு செலவு. இதற்கும் பெங்களூரில் ஒரு கணக்கு உண்டு. தக்ஷ் என்ற அமைப்பு 2016-ல் நாடெங்கும் 9,000-க்கும் மேற்பட்ட வழக்காடிகளை நீதிமன்ற வளாகங்களிலேயே சந்தித்துக் கேட்டது. குற்ற வழக்கில் சிக்கியவர் ஒரு வாய்தாவுக்குச் சராசரியாக 542 ரூபாய் செலவழிக்கிறார். வேலைக்குப் போகாததால் 902 ரூபாய் இழக்கிறார். வழக்கறிஞர் கட்டணம் தனி.

தண்டனையில் முடிந்தாலோ நிலைமை இன்னும் கடுமை. ஒருமுறைக்கு மேல் உறவு கொண்டதும், பெண் கருவுற்றதும் போக்சோ சட்டத்தில் குற்றத்தைக் கடுமையான வகைக்கு உயர்த்தும் காரணங்கள். ஓடிப்போய்க் குடும்பம் நடத்தியவர்களுக்கு இரண்டும் பொருந்திவிடும். ஆக 20 ஆண்டுகள். மேற்கு வங்கத்தில் அப்படி 20 ஆண்டுத் தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அந்தப் பெண்ணின் நிலையை நேரில் அறிய ஒரு நிபுணர் குழுவை அமைக்கச் செய்தது நீதிமன்றம். அவளை அதிகம் புண்படுத்தியது அந்த உறவல்ல, அதன் பிறகு காவல்துறையோடும் நீதிமன்றத்தோடும் அவள் நடத்த நேர்ந்த போராட்டமே என்று குழு கண்டறிந்தது. குற்றத் தீர்ப்பு நிலைத்தாலும், தனக்குரிய சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தண்டனை விதிக்காமல் விட்டது உச்ச நீதிமன்றம். இது 2025 மே மாதம். சட்டப் புத்தகத்தைவிட ஒரு நேர்காணல் அந்த வழக்கில் அதிகம் பேசியது.

அவையில் நடந்தது: இதில் நாடாளுமன்றத்தின் பங்கு என்ன? போக்சோ மசோதா 2011 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமானபோது, பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் சம்மதத்தைக் கருத்தில் கொள்ள அதில் ஒரு வழி இருந்தது. நிலைக்குழு அந்த வழியை ஏற்கவில்லை. குழந்தையின் சம்மதம் என்று பேசத் தொடங்கினால் விசாரணை முழுதும் குழந்தையின் நடத்தையைப் பற்றியதாகிவிடும் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. அந்தக் கவலை பொய்யல்ல. 2012 மே மாதம் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியபோது அந்த வழி அடைபட்டிருந்தது. பதினெட்டு என்பது கல்லில் எழுத்தானது. அதுவரை தண்டனைச் சட்டத்தில் சம்மத வயது பதினாறு. இந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் எத்தனை பேர் விழுவார்கள் என்று காட்டும் கணக்கு எதுவும் அன்று உறுப்பினர்கள் முன் இல்லை.

முதல் எச்சரிக்கை ஒரு செய்தியாளரிடமிருந்து வந்தது. 'தி ஹிந்து' நாளிதழில் அப்போது பணியாற்றிய ருக்மிணி எஸ்., 2013-ல் தில்லி மாவட்ட நீதிமன்றங்கள் முடித்த ஏறத்தாழ 600 பாலியல் வன்கொடுமை வழக்குகளின் தீர்ப்புகள் முழுவதையும் படித்து 2014-ல் எழுதினார். முழுமையாக விசாரிக்கப்பட்டவற்றில் 40 சதவீதத்துக்கு மேல், விரும்பிப் போன ஜோடிகள் மீது பெற்றோர் தொடுத்தவை. அதே நீதிமன்ற வளாகங்களுக்கு எத்தனையோ முறை போய்வந்த தில்லிச் செய்தியாளர்கள் பலருக்கும், என்னையும் சேர்த்து, இது தோன்றவில்லை.

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் 2019-ல் வயது வரம்பை மறுபரிசீலனை செய்யலாம் என்றார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல், இளம் பருவத்தினரின் காதலைத் தண்டிக்க வந்ததல்ல இச்சட்டம் என்று கூறி ஒரு வழக்கை ரத்து செய்தார். காதல் தொடர்பான போக்சோ வழக்குகளில் அவசரக் கைது கூடாது என்று தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்த செ. சைலேந்திரபாபு 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பினார். அதற்கு முந்தைய மாதம்தான் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு, சம்மத வயதைப் பற்றி யோசிக்குமாறு சட்ட ஆணையத்தைக் கேட்டிருந்தது.

சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் தன் 283-வது அறிக்கையை அளித்தது. வயதைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் குழந்தைத் திருமணத்துக்கும் கடத்தலுக்கும் எதிரான போராட்டம் பலவீனப்படும். ஆனால் பதினாறுக்கு மேற்பட்டோர் விஷயத்தில் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வழிகாட்டுதலுடன் கூடிய விருப்புரிமை தரலாம் என்பது அதன் சாரம். 2025-ல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு, பதினெட்டு வயது வரம்பே நீடிக்க வேண்டும் என்று எழுத்துபூர்வமாகவே தெரிவித்துவிட்டது.

அரசின் அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட ஆய்வு முறையே இடம் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீர்ப்பில் காதல் என்று இருப்பதெல்லாம் காதலா? அண்டை வீட்டு ஆணால் சீரழிக்கப்பட்டு, இரு குடும்பமும் சமாதானமாகி, அவனையே மணந்துகொண்ட பெண்ணும் கூண்டில் ஏறி விரும்பியே போனேன் என்றுதான் சொல்வாள். தாள் மீது இரண்டும் ஒன்றுபோல் தெரியும். முடிந்த வழக்குகளுக்கே தீர்ப்பு உண்டு. நிலுவையில் இருப்பவையும், காவல் நிலையத்திலேயே பேசித் தீர்க்கப்பட்டவையும் இந்தக் கணக்குக்குள் வாரா. ஆகவே 24.3 என்பது அந்த மூன்று மாநிலங்களில் முடிந்த, படிக்கக் கிடைத்த தீர்ப்புகளைப் பற்றிய உண்மை. தமிழகத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

அதிகாரபூர்வ எண்ணோ இந்த அளவுக்குக்கூடப் பிரித்துக் காட்டுவதில்லை. குற்றவாளிக்கும் குழந்தைக்கும் என்ன உறவு என்று ஆவணக் காப்பகம் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. அதில் ஒரு பத்தி: நண்பர்கள், இணையவழி நண்பர்கள், திருமணம் செய்வதாகக் கூறிச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். பதினேழு வயதுப் பெண்ணின் காதலனும், பதினோரு வயதுச் சிறுமியை இணையத்தில் வலைவீசிப் பிடித்தவனும் ஒரே கட்டத்தில் கூட்டப்படுகிறார்கள். அவையில் வைக்கப்படுவது அந்தக் கூட்டுத்தொகை.

கேட்பவரின் கடமை: ஆராய்வதாலேயே நன்மை வந்துவிடும் என்று நம்பத் தமிழர்களுக்குக் காரணம் குறைவு. குற்றத்தைப் பதிவு செய்து அட்டவணைப்படுத்தும் முறை இந்த நாட்டில் ஒரு காலத்தில் சமூகங்களையே அட்டவணைப்படுத்தியது. 1871-ல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ரேகை பதியச் சொன்னதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸார் சுட்டார்கள். பதினாறு பேர் மாண்டனர். யார் கையில் பேரேடு இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று மதுரைச் சீமைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்றைய ஆராய்ச்சியாளருக்குச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. பேசுபவரிடம், நீங்கள் சொல்வது வெளியே போகாது என்று உறுதி தருவது நேர்காணலின் முதல் விதி. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவோ, குற்றம் நடந்ததாக அறியும் எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது, தவறினால் தண்டனை. ஒரு சிறுமி ஆய்வாளரிடம் மனம் திறந்தால், அவர் வாக்கைக் காப்பதா, சட்டத்தைக் காப்பதா? அதனால்தான் கேள்வித்தாளை எடுக்கும் முன்பே, நான் எதை மறைக்க முடியாது என்பதைப் பேசுபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது முறை. சொன்னதும் பலர் பேச மாட்டார்கள். அந்த மௌனத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

அரசு மௌனம் காத்த இடமும் ஒன்று உண்டு. கும்பல் கொலைகளைப் பற்றி 2017-ல் ஆவணக் காப்பகம் மாநிலங்களிடம் விவரம் திரட்டியது. அந்த ஆண்டுக்கான அறிக்கை மிகத் தாமதமாக 2019 அக்டோபரில் வந்தபோது அந்தப் பகுதி இல்லை. கிடைத்த விவரம் நம்பகமானதாக இல்லாததால் திரட்டுவது கைவிடப்பட்டதாக 2021-ல் உள்துறை இணையமைச்சர் நித்யானந்த் ராய் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். வரையறை தெளிவில்லாத எண்ணை வெளியிடாதது ஒருவகையில் சரியே. வரையறையைத் தெளிவாக்கி மறுபடி எண்ணியிருக்கலாமே என்று பெங்களூரில் முதலாண்டு மாணவரும் கேட்பார். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், இனம், சாதி, மொழி முதலியவற்றின் பேரில் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செய்யும் கொலைக்குத் தனி உட்பிரிவு வந்திருக்கிறது. இனி வரையறை இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த உட்பிரிவின்படி எத்தனை வழக்குகள் என்பது அவைக்கு எப்போது தெரியவரும்? 2022-ம் ஆண்டுக்கான அறிக்கை 2023 டிசம்பரில் வெளிவந்தது. 2023-ம் ஆண்டுக்கான அறிக்கைக்கு 2025 செப்டம்பர் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட கூட்டத்தொடர்களில் குற்றங்களைப் பற்றிக் கேட்ட உறுப்பினர்களுக்குக் கிடைத்த இணைப்பில் கடைசி வரிசை 2022 என்றே இருந்தது.